மழைத்தண்ணீர் முழுக்கு

மொன்றியல்
12.03.2006

அன்பின் ஜெயமதிக்கு,

நான் இங்கே சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாமாங்கேஸ்வரரைக் கும்பிடுகிறேன்.

போன ஞாயிறு நீ கொமினிகேசன் கடையில் நின்று போனில் கதைத்தபோது உனக்குப் பின்னால் ஆட்கள் இருமுகிற சத்தம்கூட இங்கே கேட்டது. மனதில் இருந்த ஒன்றையும் சொல்ல முடியவில்லை. எனக்குக் கடிதம்தான் சரி.

என் அகதி வழக்கு வென்றுவிட்டது என்று சொன்னேன் அல்லவா? உங்கள் மூன்று பேரின் பெயரையும் சேர்த்து விண்ணப்பம் போட்டுவிட்டேன். ஆறு வருடத்துக்குப் பிறகு முதன்முறையாக உங்கள் பெயர்களை ஒரே தாளில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினேன். மகள் கிளியை விட்டு வரும்போது அவளுக்கு இரண்டு வயது. என் முகம் அவளுக்கு நினைவிருக்குமா?

இன்னொரு செய்தி. சென்ட் லோரன்டில் பெட்டி அடுக்கிய வேலையை விட்டுவிட்டேன். நான் வில்லரேயில் பேரின்பநாதன் அண்ணையோடு ஒரே வீட்டில்தானே இருக்கிறேன். யாழ்ப்பாணத்து மனிதர், நல்லவர். அவர் தன் முதலாளியிடம் சொல்லி மேசன் வேலைக்குச் சேர்த்துவிட்டார். ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் நிலவறையை உடைக்கிறோம். முந்தாநாள் சீமெந்துக்கு அடியில் கீழே இறங்கும் படிகள் தெரிந்தன. நீலமும் வெள்ளையுமாகச் சின்னச் சின்ன ஓடு பதித்த படிகள். அண்ணை என் கையைப் பிடித்துவிட்டார். “பொறும் இரவி, இது ஆரோ ஆசையாக் கட்டினது” என்றார்.

அது யூதப் பெண்கள் முழுகிய இடமாம். பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிற சங்கத்திலிருந்து கத்தரின் என்று ஒரு கட்டடக்கலைப் பெண் வந்து, முழங்காலில் நின்று ஓடுகளைத் தடவிப் பார்த்தாள். வேலை நின்றுவிட்டது. இனி உடைப்பதில்லை, மெதுவாகச் சுரண்டி எடுப்பதுதான் எங்கள் வேலை.

மூத்தவன் துஷாந்தனை இரண்டு வரி எழுதச் சொல்.

உன் நினைவில்,
இரவிச்சந்திரன்

அமிர்தகழி, மட்டக்களப்பு
09.04.2006

அன்பின் அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கண்டு நாங்கள் மூவரும் சந்தோஷப்பட்டோம். குளிர் குறைந்துவிட்டதா? கால் விறைப்பு எப்படி? எனக்கு ஒரு குறையும் இல்லை.

கடிதத்தைத் துஷாந்தன்தான் சத்தமாக வாசித்தான். குரல் உடைந்து உங்கள் குரல் மாதிரியே வருகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பிறகு அவன், “அம்மா, அப்பாட்ட கேளுங்க, அந்தக் குளத்துக்குள்ள நீந்த ஏலுமா?” என்றான். “பொம்பளைகள் முழுகிற இடம் மனே” என்றேன். முகம் சிவந்து எழும்பிப் போய்விட்டான். எங்கேயோ ஒரு பிரெஞ்சுப் புத்தகம் வாங்கி வந்து தங்கச்சிக்கு ‘போன்சூர்’ சொல்லிக்கொடுக்கிறான். கிளி கோழிகளுக்கெல்லாம் போன்சூர் சொல்லித் திரிகிறாள்.

பெண்கள் முழுகிய இடம் என்றால் மாதத் துடக்குக் குளிப்புக்காகத்தான் இருக்கும். அதற்கு ஓடு பதித்து ஒரு கட்டடமே கட்டினார்களா? எங்களுக்குக் கிணற்றடியும் பாதி சரிந்த கிடுகு மறைப்பும்தான்! அதைப் பற்றி இன்னும் எழுதுங்கள். யார் வந்தார்கள், எப்படி முழுகினார்கள் என்று அறிய ஆசை.

“டிசம்பர்ல பள்ளிக்கூடச் சோதனை முடிஞ்சதும் வாறன், எனக்கு ஒரு சப்பாத்து வாங்கி வையுங்க” என்று துஷாந்தன் எழுதச் சொல்கிறான். அவனாக எழுத வெட்கமாம். கால் உங்கள் காலைவிடப் பெரிது.

பிள்ளைகளின் முத்தங்களோடு,
ஜெயமதி

மொன்றியல்
28.05.2006

அன்பின் ஜெயமதிக்கு,

சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். வெயில் வந்துவிட்டது. கால் இப்போது பரவாயில்லை.

நீ கேட்டதைச் சொல்கிறேன். கத்தரின் ஒரு யூத அம்மாவைக் கூட்டி வந்தாள். பெல்லா என்று பெயர். அவவின் தாய்தான் அங்கே வேலை செய்தவ. முழுகுகிற பெண்ணின் தலைமுடி ஒன்றுகூட வெளியே தெரியாமல் தண்ணீருக்குள் போகிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், அதுதான் வேலை. மோதிரம், நகப்பூச்சு ஒன்றும் இருக்கக் கூடாதாம். உடம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் எதுவும் வரக் கூடாது.

தண்ணீரும் குழாய்த் தண்ணீர் மட்டும் போதாது. கூரையில் விழுந்த மழை தானாக ஓடி வந்து ஒரு தொட்டியில் சேர வேண்டும். அந்தத் தொட்டிக்கும் முழுகும் தொட்டிக்கும் நடுவில் ஒரு துவாரம். அந்த இடத்தில் இரண்டு தண்ணீரும் முத்தமிடும் என்று அவர்கள் சொல்வார்களாம். வயது போன மனுசி இதை என்னிடம் சொல்ல, எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

ஜெயா, மாதத்தில் அத்தனை நாள் புருஷனும் பெண்சாதியும் தொடாமல் இருந்து, இங்கே முழுகிவிட்டுத்தான் அவள் வீட்டுக்குப் போவாளாம். நான் அந்தப் படியில் இருந்து உன்னைத்தான் நினைத்தேன்.

உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் புருஷனையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த பெண்கள் பலர் கப்பலில் வந்து, இரண்டாம் கலியாணத்துக்கு முதல்நாள் இங்கே முழுகினார்களாம். “எங்கட அம்மா அவங்களை அவசரப்படுத்திறதில்லை” என்று பெல்லா சொன்னா. “தண்ணிக்குள்ள அழுதா ஆருக்கும் தெரியாதெல்லோ” என்றா. அவ ஆங்கிலத்தில் சொன்னதை அண்ணை எனக்கு இப்படித்தான் தமிழில் சொன்னார்.

போன கிழமை மழை. காலையில் கதவைத் திறந்தால் தொட்டியில் முழங்கால் அளவு தண்ணீர்! நாங்கள் பழைய குழாயின் அடைப்பை எடுத்திருந்தோம். மழை தன் வழியைத் தானே கண்டுபிடித்து வந்துவிட்டது. பெல்லா சப்பாத்தைக் கழற்றிவிட்டு கடைசிப் படிவரை இறங்கி, குனிந்து கையை அதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றா.

துஷாந்தன் வெட்கத்தை விட்டு எழுதட்டும்.

இரவி

அமிர்தகழி
30.07.2006

அன்பின் அத்தானுக்கு,

நாங்கள் சுகம். பதில் பிந்தியதற்குக் கோபிக்க வேண்டாம். இங்கே கொஞ்சம் வேலை.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போனேன். சனம் முந்திய வருடங்களை விடக் குறைவு. நானும் முழுகினேன். நீங்கள் எழுதியது போலத் தலைமுடி முழுவதும் உள்ளே போகும்படி முழுகினேன். கொஞ்ச நேரம் எழும்பாமல் இருந்துவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் நின்ற புஷ்பவதி மாமி பயந்து என் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டா.

துஷாந்தன் செங்கலடியில் என் பெரியம்மா வீட்டில் நின்று படிக்கிறான். அங்கே நல்ல கணக்கு வாத்தியார் இருக்கிறார். அதுதான் அவன் எழுதவில்லை.

கடைக்குப் போன் எடுக்க வேண்டாம். லைன் சரியில்லை.

கிளி ஒரு வரி எழுத வேண்டும் என்று நிற்கிறாள்.

ஜெயமதி

அப்பா நான் அண்ணாட சைக்கிள் ஓடுறேன். கால் எட்டாது. நின்டு ஓடுறேன். கிளி.

மொன்றியல்
27.08.2006

அன்பின் ஜெயமதிக்கும் கிளிக்குட்டிக்கும்,

மூவரும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல். கிளி, சைக்கிளில் விழுந்துவிடாதே அம்மா.

செய்தி கேட்டால் பயமாக இருக்கிறது. எல்லாரும் மட்டக்களப்பைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். நீ ஒன்றும் எழுதுவதில்லை. நான் பயப்படுவேன் என்று மறைக்கிறாயா?

நல்ல செய்தி. உங்கள் மருத்துவப் பரிசோதனைக்குக் கொழும்பிலிருந்து கடிதம் வரும். மூன்று பேரும் சேர்ந்து போக வேண்டும். போனால் அடுத்த கோடைக்குள் இங்கே வந்துவிடலாம். லொங்குய்யில் ஒரு வீட்டின் மேல்மாடி வாடகைக்கு வரப்போகிறதாம், போய்ப் பார்த்தேன். ஜன்னலைத் திறந்தால் ஒரு ஆப்பிள் மரம்.

குளிப்பிடம் பற்றி நகரசபையில் கூட்டம் நடந்தது. கட்டடத்தின் உரிமையாளர் கீழே கடை போட வேண்டும் என்கிறார். பெல்லா எழும்பிக் கதைத்தா. “நான் இதைக் கண்ணாடிக்குள்ள வைச்சுப் பாக்கக் கேக்கேல்லை. மழை வந்து போக வழி விடுங்கோ எண்டுதான் கேக்கிறன்” என்று அவ சொன்னதாக அண்ணை எனக்குச் சொன்னார். முடிவு இன்னும் வரவில்லை.

கொழும்புக்குப் போன ஒருவரிடம் துஷாந்தனுக்குச் சப்பாத்துக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அளவு சரியா என்று அவனையே எழுதச் சொல்.

அன்புடன்,
இரவி

அமிர்தகழி
08.10.2006

அன்பின் அத்தானுக்கு,

உங்கள் சுகத்துக்காகத் தினமும் விளக்கு வைக்கிறேன். எங்களைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

சப்பாத்துக் கிடைத்தது. அளவு சரி. துஷாந்தனுக்கு நல்ல சந்தோஷம்.

கொழும்புக்குப் போக இப்போது பாதை சரியில்லை. கிளிக்கும் காய்ச்சல். பிறகு போகலாம்.

லொங்குய் வீட்டை இப்போது எடுக்க வேண்டாம்.

ஜெயமதி

மொன்றியல்
19.11.2006

ஜெயமதிக்கு,

சுகம் விசாரித்து எழுதுகிற மனநிலையில் நான் இல்லை.

நீங்கள் பரிசோதனைக்குப் போகவில்லை என்று கடிதம் வந்திருக்கிறது. இரண்டாவது தேதியும் கொடுத்தார்களாம். அதற்கும் போகவில்லை. பாதை சரியில்லை என்றாய். அதே கிழமையில் நமது ஊரிலிருந்து இரண்டு குடும்பம் கொழும்புக்குப் போய் வந்ததாக இங்கே ஆட்கள் சொல்கிறார்கள்.

உனக்கு வர விருப்பமில்லையா? விருப்பமில்லை என்றால் நேரே சொல். ஆறு வருடம் தனியே இருந்து பழகிவிட்டாய், இனி நான் எதற்கு என்று நினைக்கிறாயா? மகனையும் என்னோடு கதைக்க விடுவதில்லை. பதினாறு வயதுப் பொடியனுக்குத் தகப்பனுக்கு ஒரு வரி எழுத நேரமில்லையா? அவனுக்கு என்னைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறாய்?

குளிப்பிடமும் முடிந்தது. மூடத் தீர்மானித்துவிட்டார்கள். பாதுகாப்பதற்காகத்தானாம். விரிப்புப் போட்டு, மணல் நிரப்பி, மேலே சீமெந்து போட்டுவிட்டால் ஓடுகள் கெடாதாம். பின்னொரு காலத்தில் யாராவது திறந்து பார்க்கலாமாம். மணலைக் கொட்டப்போவது நாங்கள்தான். அதையும் செய்கிறேன். எனக்கென்ன.

இரவிச்சந்திரன்

அமிர்தகழி
27.12.2006

என் அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தைப் புஷ்பவதி மாமி கொழும்பில் தபாலில் போடுவா. இதை வாசிக்கும்போது பக்கத்தில் பேரின்பநாதன் அண்ணை இருந்தால் நல்லது.

துஷாந்தனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

யூலை முதல் கிழமை. பின்னேர வகுப்பு முடிந்து வரும் வழியில். கூட வந்த பொடியன் ஓடிவந்து, “மாமி, துஷாந்தன வான்ல ஏத்திற்றாங்க” என்றான். நான் ஓடிப்போனேன். சைக்கிள் மட்டும் வேலியோரம் கிடந்தது. செங்கலடி, கணக்கு வாத்தியார் எல்லாம் பொய். கிளி சைக்கிளை ஓடுவது விளையாட்டுக்கு இல்லை. “அண்ணா வரக்குள்ள துருப்பிடிச்சிருக்கும் அம்மா” என்று தானே துடைத்து ஓடத் தொடங்கினாள்.

யார் என்று எழுத மாட்டேன். பொடியன்களைப் பிடித்துத் துவக்குத் தூக்க வைக்கிறவர்கள் என்றால் உங்களுக்கே தெரியும். காட்டுப்பக்கம் ஒரு காம்ப். பஸ் மாறிப் போக வேண்டும். என்னைப் போல நிறையத் தாய்மார். வெள்ளிக்கிழமைகளில் போய் வாசலில் நிற்போம். “வெளிநாட்டுக்குச் சொன்னா பிறகு பொடியனக் காணமாட்டீங்க” என்று ஒருவன் சொன்னான். அதனால்தான் போன் வேண்டாம் என்றேன். உங்கள் குரலைக் கேட்டால் சொல்லிவிடுவேன். சொன்னால் நீங்கள் அடுத்த விமானத்தில் வந்து நிற்பீர்கள். உங்களையும் கொடுக்க எனக்குத் தெம்பில்லை.

சப்பாத்தை வாசலில் கொடுத்தேன். அவனிடம் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. அளவு சரி என்று நானாகத்தான் எழுதினேன்.

ஒரே ஒரு முறை கண்டேன். தூரத்தில் வரிசையில் நின்றான். மொட்டை அடித்திருந்தார்கள். என்னைப் பார்த்தான். பார்க்காதவன் போலத் திரும்பிக்கொண்டான்.

அவனில்லாமல் மூன்று பேருக்கான பரிசோதனைக்கு எப்படிப் போவேன்? இந்த மாதம் பள்ளிக்கூடச் சோதனை மண்டபத்திலும் அவனுடைய கதிரை வெறுமையாக இருந்ததாம்.

நீங்கள் எழுதியதற்கெல்லாம் எனக்குக் கோபமில்லை. தெரியாமல் எழுதினீர்கள்.

ஜெயமதி

மொன்றியல்
21.01.2007

ஜெயா,

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. என்னை மன்னி என்று எழுதினால் அதுவும் சின்னச் சொல்லாக இருக்கிறது. என் கடைசிக் கடிதத்தை எரித்துவிடு.

உன் கடிதம் வேலைக்குக் கிளம்பும்போது வந்தது. சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய், தேநீர் நேரம் படியில் இருந்து பிரித்தேன். அன்றைக்குத்தான் மணல் கொட்டுகிற முதல் நாள். விரிப்பு எல்லாம் போட்டாயிற்று, மேல் படிகள் மட்டும் மூடாமல் இருந்தன. மூடுமுன் ஒருமுறை பார்க்க பெல்லா வந்திருந்தா. நான் இருந்த நிலையைக் கண்டு பக்கத்தில் வந்து இருந்தா. எனக்குத் தெரிந்த இங்கிலீசில், “என் மகன். பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்” என்றேன். “அவனுடைய பெயர் என்ன?” என்று மட்டும் கேட்டா. சொன்னேன். அவவுக்கு வாயில் வரவில்லை. துஷா, துஷா என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தா. சரியாக வரும்வரை விடவில்லை.

அன்று நான் ஒரு சவள் மணலும் கொட்டவில்லை. என் பங்கையும் அண்ணையே கொட்டினார்.

விமானச் சீட்டுக் கேட்டுப் போனேன். அண்ணை பின்னாலேயே வந்து, “நீர் கட்டுநாயக்கா எயார்போட்டால வெளியில வரமாட்டீர். அந்தப் பிள்ளைக்கு அதுவா உதவி?” என்று கத்தினார். அவர் சொல்வதும் சரிதான். ஆனால் நான் இங்கே சோறு தின்கிறேன், ஜெயா. தின்ன முடிகிறது. அதுதான் தாங்கவில்லை.

விண்ணப்பத்தில் துஷாந்தனின் பெயர் அப்படியே இருக்கும்படி கேட்டிருக்கிறேன். நீயும் கிளியும் முதலில் வந்துவிடுங்கள். இங்கே இருந்து அவனுக்காக ஏதாவது செய்யலாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

இரவி

அமிர்தகழி
18.03.2007

அன்பின் அத்தானுக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். தின்ன முடிகிறதே என்று மனம் நோக வேண்டாம். நானும் தின்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் நிற்க வேண்டுமே.

அவன் வந்தான்.

போன செவ்வாய், மத்தியானம். ஒரு மணித்தியாலம் விட்டிருக்கிறார்கள். துவக்கோடு ஒருவன் வாசல் படலையில் நின்றான். மீன் குழம்பு இருந்தது. சோறு போட்டேன். உயர்ந்துவிட்டான். கையில் தோல் உரிந்திருந்தது. கிளி அவனோடு ஒட்டிக்கொண்டு இருந்தாள்.

மெதுவாகச் சொன்னான். “அம்மா, நீங்க அப்பாட்டப் போங்க. நீங்க இஞ்ச இரிக்கிற வரைக்கும் நான் ஓட ஏலாது. ஓடினா உங்களத்தான் பிடிப்பாங்க.”

“நான் போனா, நீ ஓடி ஆரிட்ட மனே வருவாய்?” என்று கேட்டேன்.

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். படலையில் நின்றவன் கூப்பிட்டான். கை கழுவாமல் எழும்பிப் போய்விட்டான்.

அத்தான், அவன் உண்மையாகத்தான் சொன்னானா, என்னை இங்கிருந்து அனுப்பிவிடச் சொன்னானா என்று இரவு பகலாக யோசிக்கிறேன். நான் இருப்பதால் அவன் அங்கே கட்டுண்டு கிடக்கிறானா? நான் போய்விட்டால் ஓடி வந்து பூட்டின வீட்டைப் பார்ப்பானா? இரண்டில் எது பாவம் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் பூட்டின வீட்டை நினைத்தால் என் கால் நகர மறுக்கிறது.

கிளியை மட்டும் கொழும்பில் பரிசோதனைக்குக் காட்டிவிட்டு அனுப்புகிறேன். அவளுக்கும் ஒன்பது வயதாகிறது. வளர வளர எனக்குப் பயம். புஷ்பவதி மாமி தன் மகனிடம் டொரன்டோவுக்குப் போகிறா, அவவோடு வருவாள். இரவில் காலை உதைத்துப் படுப்பாள், போர்வை பாருங்கள். முருங்கைக்காய் தின்னமாட்டாள்.

என்னை வா என்று கேட்க வேண்டாம். கேட்டால் வந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ஜெயமதி

மொன்றியல்
24.06.2007

அன்பின் ஜெயாவுக்கு,

பிள்ளை பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டாள். இதைத்தான் நீ முதலில் தேடுவாய் என்று முதலில் எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? வெள்ளிக்கிழமை வெயிலில் நிற்கும்போது தண்ணீர் கொண்டுபோ.

விமான நிலையத்தில் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, “இவர்தானா?” என்று புஷ்பவதி மாமியிடம் மெதுவாகக் கேட்டாள். எனக்குக் கேட்டுவிட்டது. முதல் கிழமை முழுவதும் அப்பா என்று கூப்பிடவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நிற்பாள். அழவும் இல்லை. அழக் கூடாது என்று நீ சொல்லி அனுப்பினாயாம்.

நேற்று அவளைக் கடைக்குக் கூட்டிப் போனேன். மெத்ரோ ரயிலில் ஏறும்போது சனம். நான் ஏறிவிட்டேன். அவள் கை நழுவிவிட்டது. கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிளி மேடையில் நிற்கிறாள், வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. நான் கதவை அடித்தேன். கத்தினேன். அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் ஓடி, மறு வண்டி பிடித்து வருவதற்குள் என் உயிர் என்னிடம் இல்லை.

வந்து பார்த்தால், விட்ட இடத்திலேயே நிற்கிறாள். ஒரு அடிகூட நகரவில்லை. ஒரு பெண்ணும் மெத்ரோ ஊழியர் ஒருவரும் அவளோடு கதைத்துப் பார்க்கிறார்கள். மேலே கூட்டிப்போகக் கையைப் பிடித்திருக்கிறார்கள். அவள் சுவரோரக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாட்டேன் என்று நின்றிருக்கிறாள். பாஷையும் தெரியாது, பாவம்.

நான் அவளைத் தூக்கிக்கொண்டு, “பயந்திட்டாயா? ஏன் அவங்களோட மேல போகல்ல?” என்று கேட்டேன்.

“அம்மா சொன்னவ,” என்றாள். “ஆராவது தவறிப் போனா, மத்தவங்க நிண்ட இடத்திலயே நிக்கணுமாம். நகந்தா, திரும்பி வாறவங்களுக்கு எங்க வாற எண்டு தெரியாதாம். அதான் நிண்டன், அப்பா.”

ஜெயா, அந்த மேடையில் சனத்துக்கு நடுவில் இருந்து அழுதேன். கிளி என் தலையைத் தடவிக்கொண்டு நின்றாள்.

இனி உன்னை வா என்று எழுதமாட்டேன். நில்.

இரவி